வந்த படகு வெறுமையாகத் திரும்புகிறது: சிறு தீவுகளில் வீட்டுக் குப்பை

மூதூருக்கு லோஞ்சில் போய்வந்த தலைமுறைக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். திருகோணமலை இறங்குதுறையில் மா மூட்டை, சீனி மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பா, மரப்பெட்டியில் அடுக்கிய சோடாப் போத்தல் எல்லாம் ஏறும். கொட்டியாரக் குடாவைக் கடந்து போய்த் திரும்பும்போது அதே லோஞ்சில் நெல் மூட்டையும் கோழிக்கூடும் தயிர்ச் சட்டியும் வரும். கூடவே வெற்றுச் சோடாப் போத்தலும் வரும். அதைக் கொடுத்தால்தான் கடைக்காரருக்கு அடுத்த பெட்டி கிடைக்கும். தயிர்ச் சட்டி உடைந்தால் ஓடாகி வளவின் மூலையில் கிடக்கும், யாருக்கும் கேடில்லை. குப்பை என்று தனியாக ஒன்றைப் பற்றி அப்போது எவரும் கூட்டம் போட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இன்று ஒரு சிறு தீவுக்குப் போகும் படகைப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போவதாக இருக்கலாம், மாலைதீவின் ஏதோ ஒரு தீவுக்கோ பசிபிக் கடலின் நடுவிலோ போவதாக இருக்கலாம். அரிசி, பருப்பு, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரம், குழந்தைக்குப் பம்பர்ஸ் என்று விளிம்புவரை ஏற்றிக்கொண்டு போகிறது. திரும்பும்போது ஆட்களைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏறிப் போன சாமான்களின் உறையும் பையும் போத்தலும் அங்கேயே தங்கிவிட்டன. நாளைக்கும் ஒரு படகு போகும். நாளைக்கும் அது வெறுமையாகவே திரும்பும். சிறு தீவின் குப்பைச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

திருகோணமலைக்காரன் எதற்குத் தீவுக் கதை பேசுகிறான் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துத் தீவுகளில் குடியிருப்பு இல்லை என்றே சொல்ல வேண்டும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் மாடப்புறாவும் பவளப்பாறையும் இருக்கின்றன. உட்துறைமுகத்தின் சோபர் தீவில் கடற்படை இருக்கிறது. ஆனால் தீவாக வாழ்வதற்கு நான்கு பக்கமும் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை நகரத்திலிருந்து நேர்வழியில் கிண்ணியாவுக்குப் போக 'பாதை'யில்தான் ஏற வேண்டும். வாகனத்தையும் ஆளையும் ஒன்றாக ஏற்றிக் களப்பைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தெருவில்லாத இடத்தில் ஓடியதற்குப் பாதை என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல்திட்டும் ஆழமில்லாக் கிணறும் உள்ள கரையோரக் கிராமங்கள் இன்றும் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அங்கே பிரதேச சபையின் குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் வாரத்தில் ஒரு நாள் வருவதே பெரிய காரியம். ஆகவே தீவுக்காரர் கற்றுக்கொண்டது நமக்கும் உதவும்.

முதலில் கணக்கு. உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சராசரியாக ஓர் ஆள் ஒரு நாளில் போடும் குப்பை 0.74 கிலோ. ஊருக்கு ஊர் இது மிகவும் வேறுபடும் என்றாலும் கணக்குப் பார்க்க வசதியான எண். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. ஆண்டுக்கு ஒரு தொன்னுக்குச் சற்று மேல். நூறு வீடு உள்ள சிறு தீவென்றால் ஆண்டுக்கு நூறு தொன். பெருநிலத்தில் இதை ஒரு லொறி எங்கோ கொண்டுபோய்க் கொட்டிவிடும், நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதல்ல என்பதைக் கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு காட்டியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது.

தீவில் அந்த 'எங்கோ' கிடையாது. மாலைதீவில் தலைநகர் மாலேயின் குப்பையை எங்கே போடுவது என்று தெரியாமல், பக்கத்தில் திலஃபுஷி என்ற கடலேரியை 1990களின் தொடக்கத்தில் அதற்கென ஒதுக்கினார்கள். குப்பையைக் கொட்டிக் கொட்டிக் கடலேரி நிலமாகவே ஆகிவிட்டது. பல ஆண்டுகள் அங்கே எரிந்த தீயின் புகை மாலேயிலிருந்தே தெரியும். பசிபிக் கடலின் சிறு நாடான துவாலுவில், புனாபுட்டித் தீவில் நடந்தது இன்னும் விசித்திரம். இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதை போடுவதற்காக அமெரிக்கப் படையினர் தீவின் பவளக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள். போர் முடிந்தது, படை போனது, குழிகள் மட்டும் மிஞ்சின. குழியைக் கண்டால் மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. உப்புநீர் ஊறிய அந்தக் குழிகளில் பல பத்தாண்டுகள் குப்பை விழுந்தது. 2015இல் நியூசிலாந்தின் உதவியோடுதான் அவை நிரப்பப்பட்டன.

குழி என்றதும் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரிலும் பலருக்கு முதல் யோசனை அதுதான்: வளவின் பின்பக்கத்தில் ஒரு குழியை வெட்டு, எல்லாவற்றையும் போட்டு மூடு.

மணல் தீவின் கிணற்றில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து மட்டுமே. மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே நான்கு புறமிருந்தும் கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது, ஆகவே கலந்துபோகாமல் அதன்மேல் மிதக்கிறது. பாலின்மேல் ஆடை படர்வதைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் தடித்து, கரைப்பக்கம் மெலிந்து, ஒரு வில்லைக் கண்ணாடியின் வடிவில் இருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் எடையைத் தாங்கக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. கேட்க நிறைய என்று தோன்றும். ஆனால் மேலே அந்த ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி குறைகிறது என்பதும் அதே கணக்குத்தான்.

இந்த நீருக்கு மேல் இருப்பது வெறும் மணல். நீரில் கரைந்து வரும் நச்சை மணல் பெரிதாக வடிகட்டி நிறுத்தாது. குழியில் போட்ட சோற்றுக் கழிவும் மீன் குடலும் அழுகி ஒரு கறுத்த சாறு வடிகிறது. மழை பெய்தால் அந்தச் சாறு குழியில் கிடக்கும் பழைய பற்றரி, உடைந்த மின்குமிழ், தீந்தைப் பேணி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு நேரே கீழே இறங்குகிறது. சில அடி ஆழத்தில் அண்டை வீட்டாரின் குடிநீர் இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்பாங்கான கிணறுகளும் ஏறத்தாழ இப்படித்தான். அங்கே கயிற்றைப் பிடித்து வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளியவர்களுக்கு அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பது தெரியும். அப்படிப்பட்ட ஒரு கிணற்றிலிருந்து பத்து எட்டுத் தூரத்தில் குப்பைக்குழி வெட்டியிருந்த ஒரு வீட்டில் நான் தேநீர் குடித்திருக்கிறேன். குழியைப் பார்த்தது குடித்து முடித்த பிறகு.

அடுத்த யோசனை நெருப்பு. எங்கள் ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, சருகை வேப்பமரத்தடியில் குவித்துக் கொளுத்துவது ஒரு நித்திய கருமம். அம்மம்மா கொளுத்தியபோது அதில் இருந்தது மா இலை, தென்னஞ் சருகு, பழைய கிடுகு. இன்று அதே குவியலில் பிஸ்கட் உறை, சொப்பின் பை, யோகட் கப், செருப்பு. குப்பை மாறிவிட்டது, பழக்கம் அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தீங்கு குறைவாக எரிக்க நகரங்களில் உள்ள பெரிய உலைகள் 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றிப் புகையையும் தனியாக வடிகட்டுகின்றன. முற்றத்துத் தீ அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகாது. அரைகுறையாக எரிந்து டயொக்சின் போன்ற நச்சுகளைக் கக்கும். மின்கம்பி உறை, பீவீசீ குழாய் ஆகியவை மிக மோசம். புகை போனாலும் சாம்பல் மண்ணில்தான் கிடக்கிறது, மழைக்கு அதுவும் கிணற்றுக்கு. பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பது இலங்கையில் 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படி குற்றம். முற்றத்துத் தீக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆக, புதைத்தால் கிணறு, எரித்தால் நெஞ்சு, கடலில் போட்டால் பவளப்பாறையும் வலையும். மிச்சம் என்ன வழி?

தீவுகளில் ஓரளவு வெற்றி கண்ட முறைகளையெல்லாம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள். கையில் உள்ள பொருளை மண் தின்னுமா? தின்னாவிட்டால், படகு ஏற்றுமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வரும் பொருள்தான் உண்மையான குப்பை. மற்றவை எல்லாம் இடம் மாறிக் கிடக்கும் சாமான்கள்.

மண் தின்பது எவ்வளவு என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இலங்கையின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. வீட்டில் ஒரு வாரம் மூன்று வாளி வைத்துப் பார்த்தேன்: மண் தின்பதற்கு ஒன்று, படகு ஏற்றுவதற்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. மீன் தலை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, புளித்த சோறு என்று முதல் வாளி அன்றாடம் நிறைந்தது. இரண்டாவதான போத்தல் வாளி நிறைய வாரம் முழுவதும் போதவில்லை. மூன்றாவது வாளி அரைவாசி. ஆகப் படகுக்காகவோ உழவு இயந்திரத்துக்காகவோ காத்திருக்க வேண்டிய தேவை, எடையில் பார்த்தால், சிறு பங்குக்குத்தான்.

கூட்டெரு செய்வது பற்றி ஆயிரம் அறிவுரைகள் உண்டு. எனக்கு உதவியது மூன்றே. ஈரமானது ஒரு பங்கு என்றால் அதன்மேல் சருகு, காய்ந்த புல், கிழித்த கடதாசிப் பெட்டி போன்ற உலர்ந்தது இரண்டு, மூன்று பங்கு. காற்றுப் போக வழி. பழைய உரப்பையில் பொத்தல் போட்டாலே போதும். ஈரப்பதம், பால் பிழிந்தெடுத்த தேங்காய்ப்பூவை உள்ளங்கையில் அள்ளினால் இருக்குமே, அந்த அளவு: பிடித்தால் சேரும், பிழிந்தால் ஒரு சொட்டு வரும், அதற்கு மேல் வராது. முதல் தடவை உலர்ந்ததைப் போடாமல் சோற்றையும் மீனையும் மட்டும் கொட்டி மூடி வைத்தேன். கிடைத்தது எருவல்ல, புழுப்பண்ணை. வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நமது வெயிலுக்கு, முறையாகச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிர்ந்த, காட்டு மண் வாசம் வரும் பொருள் கிடைத்துவிடும். மணல் நிலத்துக்கு அதன் பெறுமதி இரட்டிப்பு. சல்லடைபோல் நீரை விட்டுவிடும் மணலுக்கு அது ஒரு பஞ்சுபோல வேலை செய்கிறது.

மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீனில்லாத கரையோர வீடு கிடையாது. குடலும் செதிலும் கூட்டெருவில் மேலோட்டமாகக் கிடந்தால் காகமும் நாயும் பூனையும் தெருவெல்லாம் இழுத்துவிடும். ஒன்றரை அடி ஆழத்தில் தென்னையடியிலோ வாழையடியிலோ புதைத்து மண்ணை மிதித்துவிடுவதே நல்லது. கிணற்றுக்குத் தள்ளியிருக்கும் மரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவாடு கழுவிய உப்புத்தண்ணீரை எருவில் ஊற்றக் கூடாது, மண்ணைக் கெடுக்கும். தேங்காய்ப் பொச்சு பெரிய தொல்லை என்று சிலர் எரிக்கிறார்கள். தென்னைக்காரரைக் கேளுங்கள், வேறு கதை சொல்வார்: மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, பொச்சின் குழிந்த பக்கம் மேலே பார்க்க வரிசையாக அடுக்கி மண் போட்டு மூடினால், கோடையில் அது தண்ணீரைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017இல் நாடு முழுவதும் 180,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் மறக்காது.

இனிப் படகுக்கு ஏறுபவை: போத்தல், பேணி, இரும்பு, கடதாசிப் பெட்டி, கண்ணாடி.

இங்கே படகுக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக 25, 30 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர 35, 40 போத்தல் வேண்டும். நசுக்காமல் சாக்கில் அடைத்தால் படகு முழுவதும் காற்றைத்தான் ஏற்றிப் போகும். மூடியைக் கழற்றி, காலால் மிதித்து நசுக்கி, மூடியைத் தனியாகப் போட்டால் அதே சாக்கில் பல மடங்கு ஏறும். மூடியை ஏன் பிரிக்க வேண்டும் என்றால், அது வேறு வகைப் பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூடி மிதக்கும், காற்றில்லாமல் வெட்டிய போத்தல் துண்டு அடியில் போய் உட்காரும். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருந்தால் அது தண்ணீர், சோடாப் போத்தல் வகை. 2 என்றால் சம்பூ, கழுவும் திரவம் வரும் தடித்த போத்தல். 5 என்றால் பெரும்பாலும் மூடியும் உணவுப் பெட்டியும். பழைய போத்தல் வாங்குபவர் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு விலை சொல்வார், கலந்து கொடுத்தால் குறைந்த விலைதான் சொல்வார். அலுமினியப் பேணிக்கு எப்போதும் மவுசு உண்டு. பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாகச் செய்யும் செலவில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல்தான் தேவை. கண்ணாடி இதற்கு நேர்மாறு. கனம் அதிகம், விலை இல்லை. அதனால் பல தீவுகளில் அதைத் திருப்பி அனுப்பாமல் தூளாக்கிக் கட்டட வேலைக்கு மணலோடு சேர்க்கிறார்கள்.

கழுவுவது பற்றி எனக்கு முன்பு அலட்சியம் இருந்தது. போகப்போவது பழைய சாமான், அதற்கு எதற்குக் குளிப்பாட்டல் என்று நினைத்தேன். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றும் வயதான ஒருவரிடம் ஒரு முறை பேச்சுக்குக் கேட்டேன், இப்படிச் சாக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றுவீர்களா அண்ணை என்று.

"வெற்றுப் போத்தல் எத்தனை சாக்கென்றாலும் ஏற்றுவேன் தம்பி. மீன் நாறுகிற பையைக் கொண்டுவராதீர்கள். பின்னேரம் அதே பலகையில் வெள்ளைக்காரர் உட்கார வேண்டும்."

வீட்டில் ஏன் பிரிக்க வேண்டும், ஏன் கழுவ வேண்டும், ஏன் ஈரத்தையும் உலர்ந்ததையும் கலக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. கலந்த குப்பை ஒன்றுக்கும் உதவாது. மீன்சாறு பட்ட கடதாசிப் பெட்டியை வாங்குபவர் தொடமாட்டார். கண்ணாடித் துண்டு கிடக்கும் எருவைத் தோட்டக்காரர் தொடமாட்டார். ஒரு கரண்டிக் குழம்பு ஒரு சாக்கைக் கெடுத்துவிடும். பொது இடங்களில் நிறம் நிறமாகத் தொட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். இலங்கையில் பச்சை உக்குவதற்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. வீட்டுக்கு ஐந்து தொட்டி தேவையில்லை. ஒரு மூடி போட்ட வாளியும் ஆணியில் தொங்கும் இரண்டு உரப்பையும் போதும்.

சரி, நசுக்கிக் கழுவி வைத்தாயிற்று. யார் காசு கொடுத்து ஏற்றுவது? அங்கேதான் கிரிபாட்டி வருகிறது. எழுத்தைப் பார்த்து நாம் அப்படிச் சொல்கிறோம், அந்த நாட்டார் உச்சரிப்பது 'கிரிபாஸ்' என்று. பசிபிக்கின் நடுவில் தென்னையும் மணலும் மட்டுமான சிறு நாடு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'காவோக்கி மாங்கே' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். குப்பையைத் திருப்பி அனுப்பு என்பது பொருள். பேணியிலோ போத்தலிலோ அடைத்த பானம் நாட்டுக்குள் இறங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் 5 சதம் வைப்புப் பணம். வெற்றுப் பேணியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அதில் 4 சதம் திரும்பக் கிடைக்கும். மிச்சம் 1 சதம் அதை நசுக்கிக் கட்டிக் கப்பலில் ஏற்றும் செலவுக்கு. வாகனப் பற்றரிக்கும் இதே முறை, தொகைதான் பெரிது. இதன் அழகு என்னவென்றால், திரும்பிப் போகும் படகுக்கூலியை வரும்போதே வாங்கி வைத்துவிடுகிறார்கள். தெருவில் கிடக்கும் பேணி உடனே பேணியாகத் தெரியாமல் காசாகத் தெரிகிறது. பொறுக்குவதற்குப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள்.

நமக்கு இது புதுமையும் அல்ல. தொடக்கத்தில் சொன்ன மூதூர் லோஞ்சின் வெற்றுச் சோடாப் போத்தல் வேறென்ன? கண்ணாடிப் போத்தலுக்கு நாம் பழகிய அதே கணக்கைப் பிளாஸ்டிக் போத்தல் வந்ததும் கைவிட்டோம். இலேசானது, மலிவானது, திருப்பித் தர வேண்டியதில்லை என்று விளம்பரம் சொன்னது. திருப்பித் தர வேண்டியதில்லை என்றால் யாரோ ஒருவரின் கரையில் கிடக்கும் என்று பொருள் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாளிக்கு வருவோம். மண்ணும் தின்னாது, படகும் ஏற்றாது. பம்பர்ஸ், சாசே உறை, றெஜிபோம் பெட்டி, எண்ணெய் ஊறிய லஞ்ச் சீற், சிகரெட் துண்டு, தேய்ந்த செருப்பு. இவற்றுக்கு ஒரு மந்திரமும் கிடையாது. பெருநிலத்துச் சபை வண்டியிடம் சேரும்வரை மழை படாமல் கட்டி வைப்பது ஒன்றே வழி. இல்லாவிட்டால் உள்ளே வராமல் தடுப்பது. சட்டம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவருகிறது. 2017இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைக்குள் வந்தன. 2021இல் உணவு, மருந்து தவிர்ந்த சின்னச் சாசேக்கள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய், மாலை, கூடவே இடியப்பத் தட்டு. இடியப்பத் தட்டு பட்டியலில் இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிரம்பில் பின்னிய தட்டில் அவித்துக்கொண்டிருந்த சனத்துக்குப் பிளாஸ்டிக் தட்டைக் கொடுத்து, பிறகு வர்த்தமானி அடித்துப் பறிக்க வேண்டியதாயிற்று. கடையில் லஞ்ச் சீற் ஒழிந்துவிட்டதா என்றால், மதியம் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கிப் பாருங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களை ஊருக்கு வருபவர்கள் படமெடுப்பார்கள். நான் பார்த்த ஒரு மான், குழம்பு மணத்துக்காகச் சோற்றுப் பார்சலின் தாளை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கித் தாளின் ஒரு மூலையை வாய்க்குள் இழுத்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது செரிக்காது, இலகுவில் வெளியேயும் வராது. கையைத் தட்டி விரட்டினேன். தாளையும் கவ்விக்கொண்டே ஓடியது.

பற்றரி, மின்குமிழ், காலாவதியான மருந்து, பூச்சிமருந்துப் போத்தல் ஆகியவற்றை மூன்றாவது வாளியிலும் போடக் கூடாது. அளவில் சிறியவை, கிணற்றைக் கெடுப்பதில் பெரியவை. மூடியுள்ள ஒரு பழைய பால்மாப் பேணியில் சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்து, நகரத்துக்குப் போகும்போது சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். ஒரு குடும்பத்துக்கு அந்தப் பேணி நிறைய ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

தீவுக்காரருக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. தாம் போடாத குப்பையும் கரைக்கு வரும். வாடைக் காற்றில் கடல் குமுறும் மார்கழி, தை மாதங்களில் எங்கள் கரைக்கு ஒதுங்கும் போத்தல்களில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் இருக்கும். அறுந்த நைலோன் வலை, மிதவை, ஒற்றைச் செருப்பு. ஒருபோதும் சோடியாக வராது. கடல் கொண்டுவருவதை எந்த வைப்புப் பணத்தாலும் நிறுத்த முடியாது. வாரிக் கட்டிப் படகில் ஏற்றத்தான் வேண்டும். கடலில் ஊறி வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும், வாங்குபவரும் தயங்குவார்.

எங்கள் வீட்டில் மூன்று வாளியும் இன்றும் இருக்கின்றன. முதலாவது வாளி இப்போது யாருக்கும் பிரச்சினை இல்லை, அது நேரே தென்னையடிக்குப் போகிறது. இரண்டாவது சாக்கை மாதம் ஒரு முறை பழைய போத்தல் வாங்குபவர் வந்து எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதுதான் விலை என்று சில்லறை தந்துவிட்டுப் போகிறார். இந்த வாரம் மூன்றாவது வாளியில் கிடந்தவை: இரண்டு பிஸ்கட் உறை, ஒரு பற்பசைக் குழாய், தம்பியின் பிள்ளை வந்துபோன இரண்டு நாளின் பம்பர்ஸ், எவரும் வாங்கியதாக ஒப்புக்கொள்ளாத ஒரு லஞ்ச் சீற்.